ஆடியில்தான் ஊட்டிக்குப் போக வேண்டும்

அம்மாடி சித்ரா,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் அப்படித் தொடங்கப் போவதில்லை. முந்தாநாள் போனில் உன் குரலைக் கேட்டேன், உன் நலம் எந்த அழகில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போனில் பேசினால் பாதியிலேயே "சரி சித்தப்பா, அத்தை கூப்புட்றாங்க" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் திண்டிவனம் மார்க்கெட்டுக்கு வெளியே வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து, உன் கல்யாணத்துக்காக இரண்டு வீட்டாரையும் சேர்த்து ஆரம்பித்தோமே அந்த குரூப்பில் போடுவேன். "பொண்ணுக்கு மட்டும் தனியா அனுப்புங்களேன்" என்று உன் சித்தி சொன்னாள். தனியாகச் சொல்ல இதில் என்ன ரகசியம் இருக்கிறது? எல்லாரும் படிக்கட்டும். விழுப்புரத்தில் உன் மாமியாரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கட்டும். எட்டாம் வகுப்புக்கு என்னை ரொம்பப் பிடித்துப்போய் இன்னொரு வருஷமும் வைத்துக்கொண்டது, அதோடு என் படிப்பு முடிந்தது. எழுத்தில் பிழை இருந்தால் படித்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்கிறது என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் என் எதிரில் வந்து சொல்லட்டும்.

நீ என் அண்ணன் பெற்ற பெண். அண்ணன் போன நாளிலிருந்து என் பெண். இது உனக்குத் தெரியும், மாப்பிள்ளை வீட்டுச் சொந்தங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தத்தில் உன்னைத் தாரை வார்த்துக் கொடுத்தவன் நான். அந்த மண்டபம் கட்டின நாளிலிருந்து அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை என்று மேனேஜரே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பந்திக்கு நின்ற வரிசை பைபாஸ் ரோடு வரைக்கும் போனதாக ஊரில் பேச்சு. நான்தான் அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டேன் என்று உன் சித்தி சொல்கிறாள். யார் கிளப்பினால் என்ன, வரிசை நின்றது நின்றதுதானே.

மாப்பிள்ளை பிரபு தங்கமான பிள்ளை. கத்தாரில் ஏ.சி. மெக்கானிக். ஆவணி பிறந்ததும் விமானம் ஏறிவிடுவார். அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்துத்தான். ஆக, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கக் கிடைத்திருப்பது ஒரே ஒரு மாதம், அது ஆடி மாதமாகப் போய்விட்டது. ஆடி பிறக்கும் முன்னால் பெண் வீட்டார் தட்டு வரிசையோடு போக வேண்டும். பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துவந்து விருந்து வைக்க வேண்டும். பிறகு மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, பெண்ணை மாதம் முழுக்கத் தாய்வீட்டில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆவணியில் நீ திரும்பிப் போகும்போது மாப்பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பார். கல்யாணம் ஆன ஜோடி ஏர்போர்ட் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று கையாட்ட வேண்டியதுதான். நீங்கள் இருவரும் ஊட்டிக்குப் போகலாம் என்று ஆசையாகப் பேசி வைத்திருந்ததும் அதோடு சரி.

உன் மாமியார் எனக்குப் போன் பண்ணினார். மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"அண்ணே, ஆடி பொறக்கறதுக்கு மொதநாளே வந்து பொண்ண அழைச்சிக்கினு போய்டுங்க. சின்னஞ்சிறுசுங்க ஊட்டி கீட்டின்னு பேசிக்கினு கீதுங்க. நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

"ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கறதுக்கு இந்த ஒரு மாசந்தானே கீது, சம்பந்தி?"

"அதுக்காவ? ஆடியில சேந்திருந்து சித்திரையில தலப்புள்ள பொறந்தா அப்பனுக்கு ஆவாதுன்னு உங்களுக்கு நானா சொல்லணும்? உங்க வூட்லயே பாத்தவங்கதானே நீங்க?"

நான் பதில் சொல்லாமல் போனை வைத்தது என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான். அப்புறம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவர், "அம்மா பேச்சத் தட்ட முடில மாமா. அதுவும் ஆடியில ஊட்டி நல்லாருக்காதாமே, ஒரே மழையாமே. அடுத்த லீவுல மே மாசமா பாத்து வந்து, சீசன்ல போய்க்கறோம்" என்றார். கடைசியாக உன்னைக் கூப்பிட்டேன். நீயாவது சண்டை போடுவாய் என்று நினைத்தேன். நீ கிசுகிசு குரலில், "வேணாம் சித்தப்பா. நானே அம்மா வூட்டுக்கு வந்துட்றேன். அவருக்கு எதனா ஆயிட்டா?" என்றாய். மாமியார் சொன்னது எனக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது. நீ சொன்னது எனக்குச் சோற்றை இறங்கவிடவில்லை. சோறு என் தொண்டையில் இறங்கவில்லை என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கே தெரியும்.

முதலில் மாப்பிள்ளைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். ஆடியில் ஊட்டி நல்லா இருக்காது என்று அவருக்குச் சொன்னவர் யார்? இந்த விழுப்புரம் மாவட்டத்திலேயே ஊட்டி மலையைப் பன்னிரண்டு மாசமும் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். கலெக்டரைக் கேட்டாலும் என்னைத்தான் கைகாட்டுவார். கோடை பூராவும் நம் பக்கத்துத் தர்பூசணியை ஏற்றிக்கொண்டு மேலே போவேன், இறங்கும்போது கேரட், முட்டைகோஸ், உருளைக்கிழங்கு. தர்பூசணி இல்லாத மாசத்தில் வெறும் வண்டியாகவே ஏறி லோடு எடுத்து வருவேன். அந்த மலையில் எந்த வளைவில் எந்த மரம் சாய்ந்து நிற்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். குன்னூருக்குக் கீழே ஒரு வளைவில் காட்டெருமை ஒன்று என் வண்டிச் சத்தம் கேட்டாலே எழுந்து ஓரமாக நிற்கும். நான் ஹாரன் அடிக்கவே வேண்டாம், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டும். அது பால்காரர் எருமை என்று உன் சித்தி சொல்வாள். அவள் எந்நாளும் அங்கே வந்ததில்லை, நான் வாரா வாரம் போனவன்.

மே மாதம் சீசன் என்கிறார்களே, அது யாருக்குச் சீசன்? எனக்குச் சீசன், ஏனென்றால் தர்பூசணி விற்கும். போகிற ஜனங்களுக்கு அது சீசனே இல்லை. கல்லாறு தாண்டும் முன்னாலேயே வண்டிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றுவிடும். முன்னால் நிற்கும் பஸ்ஸில் குழந்தை வாந்தி எடுக்கும், பின்னால் நிற்கும் கார்க்காரன் ஹாரன் அடித்தே நம் பேரை நமக்கே மறக்கடித்துவிடுவான். இப்போது மேலே போக பாஸ் வேறு வாங்க வேண்டும். மேலே போனால் பூவைப் பார்க்க முடியாது, பூவைப் பார்க்க வந்தவர்களின் முதுகைத்தான் பார்க்கலாம். ஏரியில் போட்டில் ஏற நின்றால் நம் ஊர் ரேஷன் கடை எவ்வளவோ தேவலை என்று தோன்றும். போன மே மாதம் ஒரு புது ஜோடியைப் பார்த்தேன். ரூம் கிடைக்காமல் மார்க்கெட் வாசலில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் முகம் பூராவும் வெயில். ஊட்டியிலும் வெயில் அடிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போல. நான்தான் ஒரு பழத்தை அறுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஐப்பசி கார்த்திகையில் போகலாமா என்றால், வேண்டாம். அப்போது பெய்வது வேறு மழை. மண் சரியும், ரோடு அடைபடும், ரயிலை நிறுத்துவார்கள். மார்கழி, தை அழகுதான், பொய் சொல்லமாட்டேன். விடியற்காலையில் புல் மேல் உப்பைக் கொட்டின மாதிரி உறைபனி கிடக்கும். ஆனால் நம் ஊர் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அது ஆகாது. ஒரு மார்கழியில் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் டீ கட்டியாகிவிட்டது, கடித்துத்தான் குடித்தேன். சரி, கடிக்கவில்லை, ஆறிப்போனது என்று வைத்துக்கொள்.

ஆடி அப்படியில்லை. ஆடியில் ஊட்டி யாரையும் கூப்பிடுவதில்லை, அதனால் யாரும் வருவதில்லை, அதனால்தான் அது நல்ல சீசன். சாரல் அடிக்கும், கொட்டாது. சல்லடையில் சலித்த மாதிரி வந்து முகத்தில் உட்காரும். ஒரு நிமிஷம் எதிர் மலை இருக்கும், அடுத்த நிமிஷம் மேகம் வந்து மலையை எடுத்துக்கொண்டு போய்விடும், நாம் பார்த்துக்கொண்டே இருக்கும்போது திருப்பிக் கொண்டுவந்து வைக்கும். அருவியில் எல்லாம் தண்ணீர் இருக்கும். ஓட்டல்காரன் வாசலுக்கே வந்து, "வாங்க, வாங்க, எந்த ரூம் வேணும்?" என்று கேட்பான். குடை மட்டும் எடுத்துப்போகாதீர்கள், காற்று முதலில் அதைத்தான் பறிக்கும். தலையோடு மூடுகிற மழைக்கோட்டு போதும், இரண்டு ஸ்வெட்டர் போதும். கூடலூர்ப் பக்கம் அந்த மாதத்தில் பேய் மழை, அந்தப் பக்கம் போகாதீர்கள். பெருமழை எச்சரிக்கை விட்டார்கள் என்றால் அன்றைக்கு ரூமை விட்டு வெளியே வராதீர்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு ரூமிலேயே இருங்கள் என்று சொன்னால் அது தண்டனையா என்ன? (சம்பந்தியம்மா, இந்த வரியைத் தாண்டிப் படித்துக்கொள்ளுங்கள்.)

நான் சொல்வதை நம்ப வேண்டாம். உன் அப்பா சொன்னதை நம்பு. உன் அப்பாவும் அம்மாவும் ஊட்டிக்குப் போனது ஆடியில்தான். இதை உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். உன் அம்மா சொல்ல வாயெடுத்தாலே யாராவது வாயை அடைத்துவிடுவார்கள்.

அண்ணன் அப்போது ரைஸ்மில்லில் வேலை. மில்லை வருஷத்தில் ஒரு தடவைதான் நிறுத்துவார்கள், மிஷின் வேலை பார்க்க, அது ஆடியில். மற்ற மாசத்தில் லீவு கேட்டால் முதலாளி முகத்தைத் திருப்பிக்கொள்வார். கல்யாணம் ஆகி இரண்டு மாதம் இருக்கும். நான் லைசென்ஸ் வாங்கின புதுசு. முதலாளி ஒருத்தரின் மினி லாரியை ஊட்டிக்கு எடுத்துப் போகிறேன் என்றதும் அண்ணன் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "டேய், கேபின்ல ரெண்டு பேருக்கு எடம் கீதா?" என்றார். "ரெண்டு பேரா? பத்து பேரு வரலாம்" என்றேன். மூன்று பேர் உட்கார்ந்ததே பெரிய விஷயம். கியர் மாற்றும்போதெல்லாம் அண்ணி முட்டியை ஒதுக்கிக்கொண்டே வந்தார்கள். ஆடி பிறப்பதற்கு முதல்நாள் விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டோம்.

நாங்கள் போய்விட்டோம். முகையூரிலிருந்து அண்ணியின் அப்பாவும் சித்தப்பாவும் பெரியம்மாவும் தட்டு வரிசையோடு, பெண்ணை அழைக்க வந்துவிட்டார்கள். பெண் இருந்தால்தானே அழைக்க? எங்கள் அப்பா, அதாவது உன் தாத்தா, பொய் சொல்வதில் எனக்கே வாத்தியார். ஒரு முறம் மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான், அவித்து அவர்கள் முன்னால் வைத்துவிட்டு, மழை, விதை, மாட்டு விலை என்று பெண்ணைத் தவிர எல்லாவற்றையும் பேசியிருக்கிறார். கடைசியில் அவர்களே கேட்டார்கள்.

"பொண்ணு எங்க சம்பந்தி?"

"கோயிலுக்குப் போயிருக்குதுங்க."

"எந்தக் கோயிலு?"

"மலைமேல."

"மயிலமா? இதோ இங்க கீற மயிலமா? அப்ப மதியத்துக்குள்ள வந்துடும்."

மயிலம் மலையை ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? மத்தியானச் சாப்பாடு ஆனது. காப்பி ஆனது. "மொட்ட அடிக்கிறாங்களோ?" என்று அந்தப் பெரியம்மா கேட்டார்களாம். இருட்டுகிற நேரத்தில் தட்டில் இருந்த லட்டை அவர்களே எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தபோதுதான் தாத்தாவுக்கு மனசு கேட்காமல், "மயிலம் இல்லீங்க, அதுக்கும் கொஞ்சம் மேல" என்றிருக்கிறார். ஊட்டி என்று தெரிந்ததும் முகையூர்ப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். ஆனாலும் அவர் கிளம்பவில்லை. பெண்ணைக் கண்ணால் பார்க்காமல் போகமாட்டேன் என்று நாங்கள் திரும்பி வருகிற வரைக்கும் நம் வீட்டிலேயே இருந்து, மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டு, மூன்று வேளையும் திட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

மேலே என்ன நடந்தது என்று கேட்கிறாயா? எனக்கு என்ன தெரியும்? நான் மார்க்கெட்டில் வண்டியிலேயே படுத்துக்கொண்டேன். மறுநாள் அண்ணன் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். மில் தவிட்டில் எந்நேரமும் வெளுத்துக் கிடக்கும் அந்த மனுஷன் முகம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. "டேய், ஜன்னலத் தொறந்தா மேகம் உள்ள வருதுடா. கட்டில்மேல வந்து குந்திக்கினு கீது. உங்க அண்ணி அதப் புடிக்கப் பாக்கறா" என்றார். அவர் சிரித்துப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இந்த இடத்தில் நான் எதையும் சேர்த்து எழுதவில்லை, சித்ரா. மேகம் கட்டிலில் உட்கார்ந்தது என்றது அண்ணன். நான் எழுதினது அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் முகையூர்க்காரர்கள் அண்ணியை அழைத்துக்கொண்டு போய், மிச்ச ஆடியைக் கட்டிக் காத்தார்கள். காத்து என்ன பிரயோஜனம்? அடுத்த சித்திரையில் நீ பிறந்தாய். திண்டிவனம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆளாளுக்கு விரல் விட்டு மாசத்தை எண்ணிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர், பங்குனி என்றே வெளியில் சொல்லிவிடலாம் என்றார். இன்னொருத்தர் குழந்தையைத் தவிட்டுக்கு விற்று வாங்கினால் தோஷம் போகும் என்றார். உன் அப்பா உள்ளே போய் உன்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "தவுடா? எங்க மில்லுல மூட்ட மூட்டயா கீது, யாருக்கு வேணும்? என் பொண்ண யாரும் விக்க வேணாம், வாங்க வேணாம். சித்திரையில பொறந்தா, சித்ரான்னு பேரு வெக்கறேன். மறைக்கறதுக்கு இன்னா கீது?" என்றார். அதிகம் பேசாத மனுஷன் அன்றைக்குப் பேசின பேச்சு அது. உனக்குப் பேர் வைத்தது ஜோசியர் இல்லை. உன் அப்பா எல்லார் முகத்துக்கு நேராகவும் வைத்த பேர் அது. நீ அந்தப் பேரை வைத்துக்கொண்டு இப்படிக் கிசுகிசுக்கலாமா?

இனி நீ போனில் கேட்டதற்கு வருகிறேன். நீ ஒண்ணாவது படித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் போனார். ஒலக்கூர் கூட்டுரோட்டில் சைக்கிளில் ரோட்டைக் கடக்கும்போது லாரி அடித்தது. டிரைவர் தூங்கிவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. நானும் டிரைவர், அதனால் சொல்கிறேன், ஸ்டியரிங்கில் தூங்கினால் என்ன ஆகும் என்று எனக்கு ஜோசியர் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சாவுப் பந்தலுக்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். சித்திரைப் பிள்ளை, அப்பனை எடுத்துக்கொண்டது என்று. நீ ஒரு மூலையில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாய். உனக்குப் புரியாது என்று நினைத்தோம். புரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் அதை வாயைத் திறக்காமல் உள்ளே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். முந்தாநாள் போனில்தான் அது வெளியே வந்தது.

அன்றைக்கே நான் பந்தலில் எழுந்து நின்று கத்தினேன். "லாரி ஓட்டனவன் எந்த மாசத்துல பொறந்தான்னு கேட்டீங்களா? அவன் மொதலாளி எந்த மாசம்? ரோட்ல லைட்டு போடாதவன் எந்த மாசம்? ஆறு வயசுப் பொண்ணுதான் கெடச்சாளா உங்களுக்கு?" என்று. இப்போது அதையே எழுத்தில் கேட்கிறேன். சம்பந்தியம்மா, உங்களையும்தான் கேட்கிறேன். சித்திரையில் பிள்ளை பிறக்கக் கூடாது என்று பெரியவர்கள் எதற்குச் சொன்னார்கள்? கரண்ட் இல்லாத, ஃபேன் இல்லாத கூரை வீட்டில், நம் ஊர்க் கத்திரி வெயிலில், பிள்ளை பெற்ற உடம்பும் பச்சைக் குழந்தையும் வெந்து போகும் என்று சொன்னார்கள். அது கரிசனம். அதைக் கொண்டுபோய் ஒரு குழந்தையின் தலையில் கொலைப்பழியாக ஏற்றி வைத்தது நம் வேலை. உங்கள் பிள்ளைதான் வீடு வீடாக ஏ.சி. மாட்டுகிறாரே, உங்கள் வீட்டுச் சித்திரைக்கு மட்டும் ஒன்று மாட்டமாட்டாரா?

நேற்று ஒலக்கூருக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். என்னைப் போலத் தொண்டை கிழியப் பேசுகிறவர்கள் இல்லையே உன் அம்மா. மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி சொன்னது, மாப்பிள்ளை சொன்னது, நீ சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். உரித்துக்கொண்டே இருந்தார்கள். காதில் விழுந்ததா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்புறம் முறத்தைத் தள்ளி வைத்தார்கள்.

"தம்பி, அந்த ஆடியில போவலன்னா நானு உங்க அண்ணனோட எங்கியும் போனதே கெடையாது. அப்பறம் வருசா வருசம் சொல்வாரு, மே மாசம் போலாம், பாப்பாவக் கூட்டிக்கினு மே மாசம் போலாம்னு. எந்த மே மாசம் வந்துச்சி?"

நான் முறத்திலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்து உரித்தேன்.

"அவ பொறந்ததாலதான் அவரு போனாருன்னு எம்பொண்ணு நெனச்சிக்கினு இருக்கறாளா?"

"ஆமாம் அண்ணி."

"நான் அவகிட்ட ஒரு நாளும் அத பேசினதில்ல. பேசாம இருந்தா மறந்துடுவான்னு இருந்துட்டேன். நீ எழுது தம்பி. அவ பொறந்தப்பறம் உங்க அண்ணன் மில்லுலேந்து வந்து கையக் கழுவறதுக்கு முன்னால அவளத்தான் தேடுவாருன்னு எழுது. எங்களுக்குக் கெடச்சது அவதான்னு எழுது."

எழுதிவிட்டேன். ஒரு எழுத்துக்கூடக் கூட்டவில்லை.

பிறகு அவர்கள் கேட்ட இன்னொன்றுதான் என்னையே அசர வைத்தது. "அழைக்கப் போறப்ப தட்ட யாரு தூக்கறது?" என்றார்கள். உன் சித்தி, உன் அத்தைமார்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். "மொதத் தட்ட நான் தூக்கறேன்" என்றார்கள். கணவன் இல்லாதவள் வரிசைத் தட்டைத் தொடக் கூடாது என்று ஊரில் ஒரு சட்டம் இருக்கிறதே, அது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் கல்யாணத்திலேயே மண்டபத்தின் கடைசி வரிசையில் தூணோரமாக உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

இப்போது நான் செய்யப்போவதைக் கேள். நீ பயப்படாதே, ஊர் வழக்கத்தை நான் மீறப் போவதில்லை. வழக்கப்படியே வருவேன். ஆனி கடைசி நாள் காலையில் பூ, பழம், லட்டு, புடவை, வேட்டி எல்லாம் தட்டில் வைத்து, விழுப்புரத்தில் உங்கள் தெருவே வாசலுக்கு வருகிற மாதிரி வருவேன். முதல் தட்டோடு உன் அம்மா வருவார்கள். உன்னையும் மாப்பிள்ளையையும் முறையாக அழைப்போம். திண்டிவனத்தில் விருந்து, கறிக்குழம்பு உன் சித்தி கையால். மாப்பிள்ளைக்குத் துணிமணி. இதுவரைக்கும் எந்தக் கொம்பனும் குறை சொல்ல முடியாது. அதற்கப்புறம் வழக்கம் என்ன சொல்கிறது? ஆடி மாதம் பெண் தாய்வீட்டுப் பொறுப்பு. மாப்பிள்ளை வீட்டார் அந்த ஒரு மாதம் அவளைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது. நல்லது. பொறுப்பு எங்களுடையது. எங்கள் பொறுப்பில் இருக்கிற எங்கள் பெண்ணை நாங்கள் ஊட்டிக்கு அனுப்புகிறோம். விருந்துக்கு வந்த மாப்பிள்ளை அவளோடு போகிறேன் என்று பிரியப்பட்டால், வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையின் பிரியத்தைத் தட்டுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. மேட்டுப்பாளையத்துக்கு பஸ் ஏற்றிவிடுவது என் வேலை. கேபினில் முட்டியை ஒதுக்கிக்கொண்டு நீங்கள் வர வேண்டாம், ஜன்னலோரம் சீட்டு வாங்கித் தருகிறேன். ஊட்டியில் எந்த லாட்ஜில் வேண்டுமானாலும் என் பேரைச் சொல், எழுந்து நிற்பார்கள். எழுந்து நிற்கவில்லை என்றால் அவர்கள் புது ஆள், விட்டுவிடு.

மாப்பிள்ளை, இது உங்களுக்கு. உங்கள் அம்மா பேச்சை நீங்கள் தட்ட வேண்டாம். நான் தட்டிக்கொள்கிறேன். திட்டு வந்தால் என்னை நோக்கித் திருப்பிவிடுங்கள், அதைத் தாங்குகிற உடம்பு எனக்கு இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பெட்டியில் ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு, அழைக்கும்போது எழுந்து வாருங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். இருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதானே நீங்களும் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டிலும் அதே பயம்தான். இரண்டு பயத்தையும் ஒரே தட்டில் வைத்து இந்தப் பிள்ளைகள் தலையில் ஏற்ற வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அன்றைக்கு நீங்களும் விருந்துக்கு வாருங்கள். வந்து என்னை நேரில் திட்டுங்கள், கறிக்குழம்போடு கேட்டுக்கொள்கிறேன்.

சித்ரா, கடைசியாக ஒன்று. நான் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. திண்டிவனம் விருந்து முடிந்ததும் நீ ஒலக்கூருக்கே போகிறேன் என்றால் ஒலக்கூரிலேயே கொண்டுபோய் விடுகிறேன். பழக்கத்தினால் போகிறேன் என்றால் போ, களைப்பாக இருக்கிறது என்றால் போ. உன்னால் அவருக்கு ஏதோ ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டு மட்டும் போகாதே. அப்படி ஒரு காரணத்துக்காக நான் வண்டியை எடுக்கமாட்டேன். சாவியைக் கிணற்றில் போட்டாலும் போடுவேன்.

அப்படியே ஊட்டிக்குப் போய், அடுத்த சித்திரையில் ஒரு பிள்ளை பிறந்தது என்று வைத்துக்கொள். பிறக்கட்டும். கத்திரி வெயிலில் ஆஸ்பத்திரி வாசலில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். விரல் விட்டு மாசத்தை எண்ணிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாம் முதலில் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

உன் சித்தப்பா